கைராசியும் வாய்ப்பூட்டும்!

கணக்கிலே பிறந்து, கணக்கிலே வளர்ந்து, கணக்கின் வலிமையாலே கடல் கடந்து வாழ்ந்த நாடு செட்டிநாடு. இரங்கூனிலே கடை, பினாங்கிலே கடை, கொழும்பிலே கடை, சைகோனிலே கடை! பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன், காலப்போக்கில் மேலாளாக உயர்ந்தான். மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் மீண்டதும் முதலாளியின் முன்னே அவன் வைத்தவை குறிப்பும், பேரேடும், ஐந்தொகையும்! காலணா குறைந்தாலும் ‘எங்கே போயிற்று?’ என்ற கேள்வி எழும். விடை வரும்வரை ஏடு மூடப்படாது. வளவிலே கலியாணமா? வெள்ளிக்குடத்திலே தொடங்கி இரும்புக்கரண்டி வரையிலே பட்டியல்! எழுதாத பொருள் இல்லை. எண்ணாத பொருள் இல்லை.

அந்தக் காரைக்குடியிலே, அந்தத் தேவகோட்டையிலே, அந்தக் கானாடுகாத்தானிலே, இன்று ஒரு நோயாளி டாக்டரின் எதிரே அமர்கிறார். உரையாடலைக் கேளுங்கள் தோழர்களே!

“என்ன செய்கிறது?”

“என்னமோ பண்ணுதுங்க.”

“எத்தனை நாளாய்?”

“கொஞ்ச நாளாத்தான்.”

“என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?”

“சிவப்பா ஒண்ணு, வெள்ளையா ரெண்டு.”

கடன் கொடுத்த காசுக்குத் தேதி உண்டு, வட்டி உண்டு, சாட்சி உண்டு. உடலிலே புகுந்த நோய்க்குத் தேதியும் இல்லை, விவரமும் இல்லை! இரங்கூன் கடையின் இருப்பை விரல்நுனியில் வைத்திருந்த மரபு, தன் இரத்தக் கொதிப்பின் அளவைக் கேட்டால் வானத்தைப் பார்க்கிறது. ஈதென்ன விந்தை! எழுதத் தெரியாதா? எண்ணத் தெரியாதா? இரண்டும் தெரியும். எழுதவும் எண்ணவும் விடாமல் நம்மைத் தடுத்து நிறுத்துவது ஒரு சொல். அச்சொல்லின் பெயர் – கைராசி!

“அந்த டாக்டர் கைராசிக்காரர், தொட்டாலே போதும், நோய் பறந்துவிடும்” என்கிறார்கள். பட்டம் பெற்றவர் பேசுகிறார், பட்டிக்காட்டாரும் பேசுகிறார். பிள்ளையார்பட்டிக்குப் போகிற பாட்டி பேசினால், போகட்டும், பழகிய நாக்கு என்று விட்டுவிடலாம். பகுத்தறிவு பேசுகிற பேரனும் பேசுகிறானே, அதை என் சொல்வது! இராகு காலத்தை எள்ளி நகையாடுகிறவன், குறி சொல்பவனைக் குப்புறத் தள்ளுகிறவன், கைராசி டாக்டரைத் தேடிப் பத்துக் கல் தொலைவு பயணம் போகிறான். அவன் ஒழித்துவிட்டதாக எண்ணிய ஆரூடம், வெள்ளைக் கோட்டு அணிந்து அவனுக்கு எதிரே வீற்றிருக்கிறது. அவன் கைகூப்பி நிற்கிறான்!

கையிலே இராசி இருக்குமானால் காதிலே கருவி எதற்கு? தொட்டவுடன் நோய் தீருமானால், ‘எங்கே வலிக்கிறது?’ என்ற கேள்வி எதற்கு? மருத்துவம் கையிலிருந்து பாயும் மாயம் அன்று. அது ஒரு துப்பறியும் தொழில். துப்புக்கள் நோயாளியிடம் இருக்கின்றன. டாக்டர் கேட்கிறார், பார்க்கிறார், தொட்டு அறிகிறார், சோதிக்கிறார், முடிவுக்கு வருகிறார். துப்புக் கொடுக்க வேண்டியவர் வாயைப் பூட்டிக்கொண்டால், எத்துணை பெரிய அறிஞரும் இருட்டிலே தடவ வேண்டியதுதான்.

இது வெறும் வாதம் என்று எண்ணவேண்டா. அளந்து பார்த்த உண்மை. 1975-ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஓர் ஆய்வு வெளிவந்தது. புறநோயாளிகளாகப் புதிதாக வந்த 80 பேரை எடுத்துக்கொண்டார்கள். நோய் இன்னதெனத் துணிய எது உதவியது என்று ஆராய்ந்தார்கள். 66 பேருக்கு, நோயாளி கூறிய வரலாறே போதுமானதாக இருந்தது! உடலைத் தொட்டுப் பார்த்த பிறகு முடிவு மாறியது 7 பேருக்கு. ஆய்வுக்கூடச் சோதனையால் முடிவு மாறியது இன்னும் 7 பேருக்கு. அதற்குப் பின்னே எத்தனையோ எந்திரங்கள் வந்துவிட்டன, உண்மை. ஆனால், எந்த எந்திரத்தின் அடியிலே எந்த உறுப்பை வைப்பது என்பதைச் சொல்ல இன்றும் நோயாளியின் வாய்தான் வேண்டும். மக்கள் ‘கைராசி’ என்று புகழ்வதை ஊன்றிப் பாருங்கள். பெரும்பாலும் அது பொறுமையுள்ள டாக்டரின் காது! கேட்டார், ஆகவே கண்டுபிடித்தார். கேட்பவருக்குச் சொல்பவர் வேண்டாமா?

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அந்நான்கு. வரிசையைக் கவனியுங்கள். முதலிடம் யாருக்கு? நோயுற்றவருக்கு! அந்த முதலிடத்தை விட்டிறங்கி, மூலையிலே ஊமையாய் ஒடுங்கி நிற்பது நாம் தேடிக்கொண்ட இழிவு.

“டாக்டர் எங்கே ஐயா பேசவிடுகிறார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 67 நாடுகளின் கணக்கைத் திரட்டி 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரத்தைப் பட்டியலிட்டது. சுவீடனிலே 22 நிமிடத்துக்கும் மேல். வங்காள தேசத்திலே 48 விநாடி. நம் இந்தியாவிலே ஏறத்தாழ 2 நிமிடம்! அமெரிக்காவிலே 1984-இல் வெளிவந்த ஆய்வோ, நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 விநாடிக்குள் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று காட்டியது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே அக்கதி எனில், வரிசை வாசலைத் தாண்டி வீதிவரை நீளும் நம் அரசு மருத்துவமனையிலே என்ன கதி!

இதற்காக டாக்டர் மீது பாய்வதா? நூறு பேரை ஒரு காலைப்பொழுதிலே பார்த்தாக வேண்டிய மனிதர் அவர். அவருக்கும் முதுகு வலிக்கும், அவருக்கும் பசிக்கும். டாக்டர்களின் எண்ணிக்கையைப் பெருக்கு என்று ஆட்சியிடம் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால், அது நிறைவேறும் நாள்வரை நம் கையிலே இருப்பது 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தை “என்னமோ பண்ணுதுங்க” என்று கரைப்பதா, கருத்தோடு செலவிடுவதா? நேரம் குறைவு என்பது வாய் திறவாமைக்குக் காரணம் ஆகாது. முன்கூட்டியே ஆயத்தம் செய்வதற்குத்தான் அது காரணம்!

வாய்ப்பூட்டின் மற்றொரு திறவுகோல் எங்கே இருக்கிறது தெரியுமா? கூச்சம் என்னும் பெட்டியிலே. அதிலும் தாய்க்குலத்துக்குப் போட்ட பூட்டு இரட்டைப் பூட்டு!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்திலே, ஓரிரவில் மூன்று ஆடவர்கள் அடுத்தடுத்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிள்ளைப்பேற்றிலே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். அவ்வீட்டிலே ஆண் டாக்டர் இருந்தார்; அவர் வேண்டாம் என்றனர். டாக்டரின் மகள், இளம்பெண் ஐடா ஸ்கடர், மருத்துவம் அறியாதவர், அவரை அழைத்தனர். அயல் ஆடவன் முகத்திலே மனைவி விழிப்பதைவிடச் சாவதே மேல் என்றது வழக்கம். விடிந்தது, மூன்று பெண்களும் மாண்டனர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு மேல்சாதிக்காரர். மதம் வேறு, சாதி வேறு. மடமையிலே மட்டும் சமத்துவம்! அந்த இரவுதான் ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்கச் செய்தது. 1899-இல் பட்டம் பெற்றார். 1918-இல் வேலூரிலே பெண்களுக்கென மருத்துவப் பள்ளி கண்டார். நம் செட்டிநாட்டுக்கு அண்டை ஊர் புதுக்கோட்டை. அங்கே 1886-இல் பிறந்த முத்துலட்சுமி, பெண் படிப்பதா என்ற கூச்சலைக் கடந்து 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்றார். 1954-இல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இத்தனைக்கும் பிறகு, இன்றும் என்ன காண்கிறோம்? டாக்டர் மனைவியைக் கேட்கிறார். கணவன் பதில் சொல்கிறான்! “அவளுக்குப் பசி இல்லை, அவளுக்குத் தூக்கம் இல்லை.” வயிறு யாருடையது? வலி யாருடையது? மார்பிலே கட்டி கண்ட தாய், மகனிடம் சொல்லக் கூசி, மருமகளிடம் சொல்லத் தயங்கி, மாதங்களை ஓட்டுகிறாள். மாதவிடாய் நின்றுபோன பிறகு மீண்டும் உதிரம் கண்டவள், ‘உடற்சூடு’ என்று தனக்குத்தானே பெயர் வைத்து வெந்தயத்தை விழுங்குகிறாள். கூச்சம் காத்துக்கொண்டிருக்கும், புற்றுநோய் காத்திருக்குமா? 1816-இல் பாரிசிலே இலென்னெக் என்னும் டாக்டர், இளம்பெண் ஒருத்தியின் மார்பிலே காதை வைத்துக் கேட்பது முறையன்று என எண்ணினார். தாளைச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியே கேட்டார். இதயத்துடிப்பு முன்னிலும் தெளிவாகக் கேட்டது. பிறந்தது ‘ஸ்டெதாஸ்கோப்’! கூச்சத்துக்கு அவர் வழி கண்டார். கூச்சத்துக்காக நோயை விட்டுவிடவில்லை. பெண் டாக்டர் வேண்டுமா, கேளுங்கள். செவிலியர் உடனிருக்க வேண்டுமா, கேளுங்கள். கணவன் சற்று வெளியே நிற்க வேண்டுமா, அதையும் கேளுங்கள்!

கேட்கும் உரிமை கருணையால் கிடைத்த பிச்சை அன்று. சட்டம் ஏற்ற உரிமை. புதுடில்லியிலே 1995-இல், 44 வயது மாது ஒருவர் சோதனைக்கென ஒப்புதல் தந்து மயக்க நிலையில் கிடந்தார். அந்நிலையில், வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டனர். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2008 சனவரி 16-இல் தீர்ப்பு வந்தது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அறிவுத் தெளிவுள்ள வயதுவந்தவரின் உடலைப் பற்றி ஒப்புதல் தர அவர் ஒருவருக்கே உரிமை, பெற்ற தாயின் ஒப்புதலும் செல்லாது! சோதனைக்குத் தந்த ஒப்புதலைச் சிகிச்சைக்கு நீட்டக்கூடாது; என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம், வேறு வழி உண்டா, ஆபத்து என்ன என்பதை நோயாளிக்குப் போதிய அளவு எடுத்துரைக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறிற்று. “எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஓலைக்கு அடியிலே பெயரைக் கிறுக்கும் தோழர்களே, உச்சநீதிமன்றம் தந்த உரிமையை ஒப்பந்தக் காகிதத்தின் ஓரத்திலே தொலைக்கலாமா?

இனி, டாக்டர்களுக்கு ஒரு சொல். நோயாளிக்குப் புரியாத மொழியிலே பேசுவது புலமை ஆகாது. “தமிழிலே மருத்துவத்தைச் சொல்ல இயலுமா?” என்று உதட்டைப் பிதுக்குவோர் யாழ்ப்பாணத்து வரலாற்றைப் படிக்கட்டும். சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க டாக்டர் 1847-இல் அங்கே வந்தார்; மானிப்பாயிலே மருத்துவமனை கண்டார்; தமிழ் கற்றார்; 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண சிகிச்சை, பிள்ளைப்பேறு எனப் பல்லாயிரம் பக்க நூல்கள் தமிழிலே வந்தன. தாய்மொழி ஆங்கிலமாகக் கொண்டவர் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னர்த் தமிழிலே அறுவை மருத்துவம் கற்பித்தார். தாய்மொழி தமிழாகக் கொண்டவர் இன்று, ‘உம் சிறுநீரகம் களைத்திருக்கிறது’ என்று தமிழிலே சொல்லத் தயங்குகிறார்! நாணத்தக்கது எது?

மருந்துச் சீட்டோ மற்றொரு மறைமொழி! மருந்துக்கடைக்காரர் ஒருவரே உரையாசிரியராக இருந்து பொருள் கூறவேண்டிய நிலை. மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு விதிமுறை, மருந்தை வணிகப் பெயரால் எழுதாமல் மூலப்பெயரால் எழுதச் சொல்கிறது. 2016-இல் செய்த திருத்தம், படிக்கும்படியாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறது. மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பதும் அதே விதிமுறை. விதி ஏட்டிலே இருக்கிறது. கேட்கும் வாய்தான் இல்லை.

ஆகவே, செய்யவேண்டுவது யாது?

முதலாவது, ஒரு பேரேடு. ஆம், செட்டிநாட்டின் பழைய பேரேடுதான், இம்முறை உடலுக்கு! நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நோய் எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, எப்போது மிகுகிறது, எதனால் தணிகிறது என்று நான்கு வரி. முன்பு கண்ட நோய், செய்துகொண்ட அறுவை, ஒவ்வாத மருந்து, குடும்பத்திலே நீரிழிவோ நெஞ்சுநோயோ உண்டா என இன்னும் நான்கு வரி. இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அளக்கும்தோறும் தேதியோடு குறிப்பு. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலே வீடுதேடி வந்து அளக்கிறார்களே, அந்த அளவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மறைக்காதீர்! சாப்பிடும் மருந்தெல்லாவற்றையும் ஒரு பையிலே போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆங்கில மருந்து, நாட்டு மருந்து, இலேகியம், பற்பம், கடையிலே தானாக வாங்கிய வலிமாத்திரை எல்லாம். சில பற்பங்களிலே ஈயமும் பாதரசமும் இருக்கக் கண்டிருக்கிறார்கள். வலிமாத்திரையை நெடுநாள் விழுங்கினால் சிறுநீரகம் கெடும், குடலிலே புண் வரும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவர் அதைச் சொல்லாமல் பல் பிடுங்கிக்கொள்ள அமர்ந்தால், குருதி நிற்காது. குடிப்பதையும் புகைப்பதையும் சொல்லுங்கள். மாத்திரையைப் பாதியிலே நிறுத்தியதையும் சொல்லுங்கள். டாக்டர் நீதிபதி அல்லர், தண்டனை தர. பொய்ச்சாட்சியால் அங்கே தண்டனை பெறுவது சாட்சியின் உடலே!

மூன்றாவது, நோய்க்கு நீங்களே பெயர் வைக்காதீர். நோய் செய்வதைச் சொல்லுங்கள். “வாயுப்பிடிப்பு” என்று பெயர் சூட்டி ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருந்து, மாரடைப்பிலே மாண்டோர் எத்தனை பேர்! நெஞ்சை அழுத்தும் வலி, வேர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வேதனை என்றால் அப்போது நோட்டும் வேண்டா, நாளும் வேண்டா. உடனே 108-ஐ அழையுங்கள்.

நான்காவது, முதன்மையானதை முதலிலே சொல்லுங்கள். முழங்கால் வலியைப் பத்து வாக்கியத்தில் விரித்துவிட்டு, எழுந்து வாசலை அடையும்போது, “அப்புறம்... மலத்திலே இரத்தம் போகுதுங்க” என்பது நம் வழக்கம். அந்தக் கடைசி வாக்கியம் முதல் வாக்கியமாக வேண்டும்.

ஐந்தாவது, கேளுங்கள். எனக்கு வந்திருப்பது என்ன? இந்தச் சோதனை எதற்கு? இந்த மருந்து எத்தனை நாளுக்கு, உணவுக்கு முன்னா பின்னா? என்ன நேர்ந்தால் உடனே திரும்ப வரவேண்டும்? பதிலை எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனையிலே கேட்டவற்றில் நூற்றுக்கு 40 முதல் 80 பங்குவரை உடனே மறந்துபோகிறது என்று ஆய்வாளர் கூறுகின்றனர். எழுதியதை டாக்டரிடமே, “நான் விளங்கிக்கொண்டது இது; சரிதானா?” என்று சொல்லிக் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருந்தும்; வீட்டுக்கு வந்து விபரீதம் ஆகாது.

“படித்த டாக்டரைப் படியாதவன் கேள்வி கேட்பதா? மரியாதைக் குறைவு அன்றோ!” என்பார் சிலர். கேள்வி கேட்டால் கோபிப்பது கடவுளின் குணம் என்று புராணிகர் சொல்லட்டும். டாக்டர் கடவுள் அல்லர். அறிவியல் கற்ற மனிதர். அறிவியலின் தாய்ப்பாலே கேள்வி! டாக்டரைத் தெய்வமாக்குவோர்தாம் அவரை இழிவுபடுத்துவோர். இன்று “நீங்கதான் தெய்வம்” என்று காலில் விழுபவன், நாளை நோயாளி இறந்துவிட்டால் அதே டாக்டரின் மேசையை உடைக்கிறான். தெய்வம் கைவிட்டது என்ற ஆத்திரம்! மனிதராக மதித்திருந்தால் மருத்துவத்தின் எல்லையும் விளங்கியிருக்கும். கல்லும் கழியும் கைக்கு வந்திரா. கும்பிடுவதும் கூடாது, குத்துவதும் கூடாது. எதிரே அமர்ந்து, கண்ணைப் பார்த்து, பணிவோடும் துணிவோடும் பேசவேண்டும்.

தோழர்களே! செட்டிநாட்டு வீதிகளிலே நடந்து பாருங்கள். ஆயிரம் சன்னல் வீடுகள். ஆத்தங்குடிக் கல் பளபளக்கும் வளவுகள். உள்ளே ஓர் ஆச்சி, தனியாக! மகன் சென்னையிலே, மகள் சிங்கப்பூரிலே, பேரன் அமெரிக்காவிலே. ஆச்சியின் தலைமாட்டிலே ஒரு தகரப் பெட்டி; அதனுள்ளே பத்தாண்டுச் சீட்டுக்களும் பாதி தின்ற மாத்திரை அட்டைகளும். எது நிறுத்தியது, எது தொடர்வது, ஆச்சிக்கும் தெரியாது. அந்த வீட்டுக் கொல்லையிலே வேலை செய்து மூப்படைந்த உழைப்பாளியின் குடிசையிலோ பெட்டிகூட இல்லை. சீட்டு மழையிலே நனைந்துபோயிற்று. மாளிகைக்கும் குடிசைக்கும் இடையே வேறுபாடு மலையளவு. டாக்டர் முன்னே இருவரும் ஊமை!

மேடையிலே மூடநம்பிக்கையை முழங்கி முறியடிக்கும் இளைஞனே! ஞாயிறு ஒன்றை ஒதுக்கு. தெருவிலே பத்து வீடு எடுத்துக்கொள். நோட்டும் பேனாவும் போதும். முதியவரின் அருகே அமர்ந்து கேள், எழுது. மாத்திரை அட்டைகளை வரிசைப்படுத்து; காலாவதி ஆனதைக் காட்டு. எதை உண்பது, எதை நிறுத்துவது என்று நீ தீர்ப்புக் கூறாதே. அது டாக்டரின் வேலை. அவர்கள் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக் கொடு. துணைக்கு ஆளில்லை எனில் உடன் செல். சிவகங்கையிலே 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காரைக்குடியிலே அரசு மருத்துவமனை இருக்கிறது, மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். வள்ளுவர் வகுத்த நான்கிலே மூன்று அங்கே காத்திருக்கின்றன. முதலாவது, நோயுற்றவர், வாய் திறந்து வந்து சேரவேண்டும்.

கைராசியை நம்பிக் கைகூப்பியது போதும். கணக்கை நம்பிக் கரைகடந்த நாட்டிலே, உயிருக்கும் ஒரு கணக்குத் தொடங்குவோம். பூட்டை உடையுங்கள், வாயைத் திறவுங்கள், கேளுங்கள்!